மல்பெரிக்கு அடித்த மருந்து

மயிர்க்கொட்டிப் புழு பட்ட இடம் முதலில் சுள்ளென்று குத்தும், பிறகு தடித்து, சொறியச் சொறிய நெருப்பாய் எரியும். வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்மதிலோரம் நின்ற மல்பெரி மரத்தில் அவை அப்பிக் கிடக்கும். ஈர்க்குக் குச்சியால் தட்டிச் சவர்க்காரத் தண்ணீர் வாளிக்குள் விழுத்துவது, எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு வீட்டில் நின்ற என் வேலை. "மருந்து கிருந்து அடிச்சிடாதை, பக்கத்து வீட்டு றஹீமா அன்ரிக்கும் போற பழம்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பா.

ஒரு நோன்பு மாதத்துப் பின்னேரம், கழுத்துக்குள் ஒன்று விழுந்து ஊர்ந்த ஆத்திரத்தில், கரப்பானுக்கு அடிக்கும் டின்னை எடுத்துவந்து மரம் முழுக்க அடித்துவிட்டேன். குளித்துத் தலை துவட்டி வந்தால் மரத்தில் கறுத்த பழம் ஒன்றுகூட இல்லை.

"றஹீமா அன்ரி வீட்டுக்கு நோன்பு துறக்கக் குடுத்திட்டு வந்தனான், கழுவித்தான்" என்றா அம்மா. கழுவினால் மருந்து போகுமா?

ஓடினேன். பள்ளிவாசலில் பாங்கு சொல்லக் கொஞ்ச நேரமே இருந்தது. மேசையில் பேரீச்சம்பழத்துக்கும் கஞ்சிக்கும் நடுவில் எங்கள் தட்டு. உண்மையைச் சொல்லத்தான் போனேன், ஆனால் கை முந்திவிட்டது. தட்டைத் தட்டிவிட்டேன், பழமெல்லாம் நிலத்தில்.

"எங்கட ஊட்டுப் பூனைக்கும் ஒனக்கும் போட்டியா மகள்? நோன்போட ஏசவும் ஏலா" என்று அன்ரி சிரித்தா. அப்போதுதான், நோன்பு பிடிக்கும் வயது வராத அவவின் சின்ன மகள் நஸ்லா மேசைக்கடியிலிருந்து எழும்பினாள். வாய் முழுக்க ஊதா.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அன்ரி தட்டைக் கழுவி, வெறுந்தட்டாய்த் தரக்கூடாதென்று பொரித்த பெட்டிஸ் நாலு வைத்துத் தந்தா.

விடிந்ததும் மதிலோடு காதை வைத்து நின்றேன். வெகுநேரத்துக்குப் பிறகு, "அக்கா, இன்னும் மல்பெரி இருக்கா?" என்று மதிலுக்கு மேலால் நஸ்லாவின் குரல். அப்படியே நிலத்தில் குந்தியிருந்து அழுதேன்.

அந்த இரண்டு வீடும் மதிலும் இருந்த இடத்தில் இப்போது ஒரே தொடர்மாடிக் கட்டிடம். அன்ரி குடும்பம் எங்கே போனதென்று விசாரித்தும் தெரியவில்லை. தெஹிவளையில் எங்கள் பல்கனிப் பூச்சாடியில் ஒரு மல்பெரி வளர்க்கிறேன், புழுவைக் கையாலேயே எடுக்கிறேன். "நாலு பழத்துக்கு இந்தப் பாடா அம்மா?" என்கிறாள் மகள். எதிர்வீட்டுப் பிள்ளை கேட்டால் கொடுக்காமல் இருக்க மனம் வராது. கொடுத்துவிட்டால், அடுத்த நாள் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகக் கதவு திறக்கும் சத்தம் கேட்கும்வரை எனக்குத் தேத்தண்ணி இறங்காது.