பெருக்கம் பன்னிரண்டு, கூட்டு ஒன்பது

போன சனிக்கிழமை என்னை ரியூஷன் வகுப்பிலிருந்து துரத்தப் பார்த்தார்கள். நாற்பத்தெட்டு வயதில்!

பதினாறு வயதில் எழுதிய சாதாரண தரப் பரீட்சையில் எனக்குக் கணிதம் மட்டும் சித்தியில்லை என்று இந்தப் பத்தியில் முன்பே புலம்பியிருக்கிறேன். இந்த வருடம் மறுபடி எழுதுகிறேன். “பத்தி எழுதிறவவுக்குக் கணக்கென்னத்துக்கு?” என்று கேட்காத ஆள் திருகோணமலையில் இல்லை. கோயிலில் இருக்கிற கோணேசர் ஒருவர்தான் பாக்கி. எனக்கு வேண்டும்... அவ்வளவுதான்.

வகுப்பு துறைமுகத்துக்குப் போகிற வீதியில், ஒரு மேல்மாடியில். என்னைச் சுற்றிலும் பதினாறு வயதுகள். அன்று சோதனை. தேறாதவர்களுக்குப் பரீட்சை வகுப்பில் இடமில்லை. கடைசிக் கணக்குச் சரிவந்தால்தான் நான் தேறுவேன்.

x² + 9x + 12. காரணிப்படுத்துக.

பெருக்கினால் பன்னிரண்டு, கூட்டினால் ஒன்பது வருகிற இரண்டு முழு எண்களைத் தேட வேண்டும். கூட்டில் தொடங்கினால் தேடலுக்கு முடிவே இல்லை. பெருக்கத்தில் தொடங்கினால் கொஞ்சச் சோடிகள்தான். ஒன்றும் பன்னிரண்டும் — கூட்டு பதின்மூன்று. இரண்டும் ஆறும் — எட்டு. மூன்றும் நான்கும் — ஏழு. கழித்தல் குறியோடு மறை எண்களைப் போட்டால் கூட்டும் மறையாகிவிடும்.

ஒன்பது எங்கே?

பக்கத்திலிருந்த, கிண்ணியாவிலிருந்து வருகிற பிள்ளை நஸ்ரீன் காதுக்குள் சொன்னாள். “மூண்டு, நாலு எண்டு எழுதுங்க அக்கா. போன கிழமை செய்த கணக்குத்தானே... எல்லாரும் அதத்தான் எழுதுறாங்க.”

போன வாரக் கணக்கில் கூட்டு ஏழு! ஒருவரும் கூட்டிப் பார்க்கவில்லை. பாடமாக்கிய விடையை இறக்கிவிட்டார்கள்.

நான் மூன்று சோடிகளையும் போட்டு, கீழே எழுதினேன்: ‘அப்படி இரண்டு முழு எண்கள் இல்லை.’

வகுப்பெடுக்கிற சேர் என் தாளைப் பார்த்துச் சிரித்தார். “என்னக்கா, இதிலயும் பத்தி எழுதுறீங்களோ? கணக்கெண்டால் விடை வேணும்.”

“இதுதான் சேர் விடை.”

“மூண்டும் நாலும் எண்டு போடுங்கோவன். ஏன் சும்மா என்னோட கொளுவுறீங்கள்?”

வகுப்பே சிரித்தது. ஆனாலும் எழுந்து நின்றேன். “கூட்டிப் பாருங்கோ சேர். ஏழுதானே வருது? இல்லாத எண்ணை இருக்கெண்டு எழுத என்னால ஏலாது.”

கூட்டிப் பார்த்தார். முகம் மாறியது. பிறகு செருமிக்கொண்டு சொன்னார்: “அச்சுப் பிழை. எல்லாரும் ஒன்பதை ஏழெண்டு மாத்துங்கோ.”

எல்லாருக்கும் சரி. எனக்கு?

“ஏழெண்டால் உங்கட விடை பிழைதானே அக்கா... பரீட்சை வகுப்புக்கு வரத் தேவையில்லை.”

விடைக்குத் தக்கபடி கேள்வியை மாற்றுகிற கெட்டித்தனத்தைப் பார்த்தீர்களா?

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் கோபம். அப்போதுதான் உறைத்தது. ‘உனக்குக் கணக்கு வராது’ என்பதும் யாரோ, என்றோ போட்ட விடைதான். நானும் கூட்டிப் பார்க்காமல் முப்பது வருடமாக அதைப் பாடமாக்கி வைத்திருந்தேன். இனி இல்லை.

வருகிற சனிக்கிழமையும் போவேன். முன்வரிசைக் கதிரையில்தான் இருப்பேன். என்னை எழுப்புகிறவர், முதலில் அந்த இரண்டு எண்களையும் கொண்டுவரட்டும்!