படலைக்கு வெளியே ஸ்ராட் ஆகும் கார்

தில்லைநாதனின் சாம்பல் நிறக் கார் அவரைவிட இரண்டு வயது மூத்தது. தகப்பன் விட்டுப்போன அந்தக் காரை வாடகைக்கு ஓட்டித்தான் அவர் சீவித்தார். அச்சுவேலிப் பக்கத்தில் பிள்ளைப்பேறு, கலியாணம், செத்தவீடு எதுவென்றாலும் அவருக்குத்தான் ஆள் வரும். எங்கள் ஒழுங்கையின் முதல் பட்டதாரி நான்; என்னை முதல்நாள் பல்கலைக்கழக வாசலில் இறக்கிவிட்டதும் அந்தக் கார்தான். ஒழுங்கை முடியும்வரை கோர்ன் அடித்துக்கொண்டே போனார். "எங்கடை பெடியன் படிக்கப் போறான். ஊருக்குக் கேக்கட்டும்" என்றார்.

தொண்ணூற்றிரண்டில், பொருளாதாரத் தடையால், பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காத பொருளாகிவிட்டது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் ஒளித்து வைத்திருக்கும் பெற்றோலில் நாலு துளி விட்டால்தான் எஞ்சின் பிடிக்கும். தில்லையண்ணை அதற்குப் பழகிவிட்டார். பழக முடியாத கோளாறு ஒன்று அந்த வருசம் வந்தது. சில காலைகளில் ஸ்ராட்டரை இழுத்தால் எஞ்சின் அசையாது. 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். லைற்றைப் போட்டால் பளிச்சென்று எரியும். நாலுபேர் தள்ளினால் பிடித்துவிடும். பிறகு நாள் முழுக்க ஒரு குறையும் சொல்லாது.

பற்றரியைக் கொண்டுபோய்ச் சார்ஜ் பண்ணினார். ஸ்ராட்டரைக் கழற்றித் துடைத்தார். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. பிறகு ஒரு காலை, மறுபடியும் 'டிக்'.

தள்ள வந்தவர்களோடு வேடிக்கை பார்க்க வந்த முன்வீட்டுச் சின்னத்தங்கம் மாமிதான் அதைச் சொன்னார்.

"தம்பி தில்லை, குறை நினையாதை. காரைக் கழட்டிக் கழட்டிப் பாக்கிறாய். காலமை வெளிக்கிடேக்கை ஆரின்ரை முகத்திலை முழிக்கிறாய் எண்டு பாத்தியே?"

எல்லோருடைய கண்ணும் படலைக்குப் போனது. படலையைத் திறந்து பிடித்துக்கொண்டு பத்மாசினி நின்றார், தில்லையண்ணையின் தங்கை. புருசன் ஷெல் விழுந்து செத்தபிறகு தமையனோடு வந்து இருந்தவர். அந்த வீட்டில் அவர்கள் இரண்டுபேர்தான். ஒவ்வொரு காலையும் காருக்குப் படலை திறந்துவிட்டு, சைக்கிளில் மரக்கறி கட்டிக்கொண்டு அச்சுவேலிச் சந்தைக்குப் போவார். கார் பிடித்த நாட்களிலும் படலை திறந்தவர் அவர்தான். அந்த நாட்களை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

அன்று பின்னேரம் தில்லையண்ணை தங்கையின் முகத்தைப் பாராமல் சொன்னார்.

"பத்மா, கார் வெளிக்கிடும் மட்டும் நீ குசினிக்குள்ளை அடுப்படியிலை நில்லன். சனம் கதைக்குது. முழிவியளம் சரியில்லையாம்."

"சனமோ, நீங்களோ அண்ணை?"

அவர் துணியை எடுத்துக்கொண்டு காரைத் துடைக்கப் போனார்.

அதன்பிறகு பத்மாக்கா சந்தைக்குப் பிந்தக்கூடாதென்று பின்வேலிப் பொட்டால் போகத் தொடங்கினார். குனிந்து நுழையும் அளவுதான் அந்த இடைவெளி. சைக்கிள் நுழையாது. மரக்கறிக் கடகத்தைத் தலையில் வைத்து நடந்தார்.

ஆவணியில் பக்கத்து ஒழுங்கையில் ஒரு கலியாணம். மாப்பிள்ளைக் கார் தில்லையண்ணையுடையது. குசினிக் கதவு சாத்தியிருக்க, ஒருவர் முகத்திலும் முழிக்காமல்தான் அன்று வெளிக்கிட்டார். மாப்பிள்ளை வீட்டில் தலைப்பாகையோடு பெடியன் ஏறினான். மேளம் அடித்தது. தில்லையண்ணை ஸ்ராட்டரை இழுத்தார். 'டிக்.'

மேளம் நின்றது. மாப்பிள்ளையின் தாய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"இண்டைக்கு ஆரிலையடா முழிச்சனி?" சின்னத்தங்கம் மாமி கேட்டார்.

"ஒருத்தரிலும்..." என்று தொடங்கியவர் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டார். மாப்பிள்ளையை உள்ளே வைத்தபடியே காரைத் தள்ளினோம்.

கலியாணம் முடிந்து வந்ததும், உடுப்பு மாற்றாமலே பொனற்றைத் திறந்தார். என்னைக் கூப்பிட்டு ஸ்ராட்டரை இழுக்கச் சொன்னார். நல்லகாலம், அப்போதும் 'டிக்'தான்.

"விடாமல் இழுத்துப் பிடி."

பிடித்தேன். உள்ளே கைவிட்டுத் தடவிக்கொண்டிருந்தவர் "ஐயோ!" என்று கையை உதறினார். காற்றை மட்டுப்படுத்த உள்ளிருந்து எஞ்சினுக்கு ஓடும் சோக் கம்பி நெருப்பாய்ச் சுட்டது.

"சோக்குக்கும் கரண்டுக்கும் என்ன கதை?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு காரின் கீழே புகுந்தார். எஞ்சினையும் காரின் உடம்பையும் இணைக்கும் எர்த் வயர் கிறீசுக்கும் ஊத்தைக்கும் நடுவில் நாலு இழையில் தொங்கியது. எஞ்சின் ஆடி நிற்கும் விதத்தில் சிலநாள் முட்டும், சிலநாள் முட்டாது. முட்டாத நாளில் கரண்ட் வேறு வழியில்லாமல் அந்த மெல்லிய சோக் கம்பியால் போயிருக்கிறது. தடித்த வயர் ஒன்றைப் பூட்டினார். இழுத்த போதெல்லாம் எஞ்சின் பிடித்தது.

சத்தம் கேட்டு பத்மாக்கா வந்தார். தமையனின் விரலைப் பார்த்துவிட்டுப் போய்த் தேங்காயெண்ணெய் கொண்டுவந்தார்.

"கண்டுபிடிச்சாச்சோ?"

"ஓம். எர்த் வயர் அறுந்து கிடந்தது."

"எப்ப இருந்து?"

தில்லையண்ணை நிலத்தைப் பார்த்தார். "முதலிலை இருந்தே..."

பத்மாக்கா விரலில் பூசிவிட்ட எண்ணெயைத் துடைக்கவும் தெரியாமல், கையை இழுக்கவும் தெரியாமல் நின்றார். பிறகு, "நாளைக்கு நீ படலையைத் திற பத்மா" என்றார்.

"ஏன் அண்ணை? நான் நிண்டதாலை கார் நிக்கேல்லை எண்டால், ஓடுறதுக்கும் நான் நிக்கத் தேவையில்லைத்தானே. எனக்குப் பொட்டு பழகிப் போச்சு."

அடுத்தநாள் ஒரே இழுவையில் எஞ்சின் பிடித்தது. முன்பென்றால் கோர்ன் அடித்திருப்பார். குசினிக் கதவு சாத்தியிருந்தது. எஞ்சினின் உறுமல், மாமி சொன்னதே சரி என்று அந்தக் கதவுக்குச் சொல்வதுபோல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே எஞ்சினை நிற்பாட்டினார். இறங்கிப் போய்த் தானே படலையைத் திறந்து, தோளைக் கொடுத்துத் தனியாகக் காரை ஒழுங்கைக்குத் தள்ளினார். ஒழுங்கை வளையும் முடக்கைத் தாண்டியபிறகுதான் ஏறி ஸ்ராட் பண்ணினார். அதுவே வழக்கமாகிவிட்டது.

"இன்னும் தள்ளுறதுதானோ தம்பி? கலியாணத்துக்கு இனி உந்தக் காரை ஆர் பிடிக்கிறது?" என்று மாமி சிரிப்பார்.

"ஓம் மாமி" என்பார் அவர். மாப்பிள்ளைக் கார் ஓட்டம் உண்மையாகவே நின்றுபோனது.

ஒருநாள் பின்னால் கைகொடுத்தபடி கேட்டேன். "ஒரு இழுவையிலை பிடிக்குமே அண்ணை. ஏன் தள்ளுறியள்?"

"மெல்லக் கதையடா" என்றார். "முற்றத்திலை பிடிச்சால் அவளுக்குக் கேக்கும்."