நுண்ணோக்கிக்கு வைத்த பொட்டு

பீடோர் என்ற சிற்றூருக்கு வெளியே, ரப்பர் பால்மரம் அழிந்து செம்பனை வந்துவிட்ட ஒரு தோட்டத்தின் ஓரத்தில் அந்தத் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள்; ஆட்கள் எல்லாம் தமான் என்கிற புதுக் குடியிருப்புக்குப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடம் மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை. அதன் பின்னறையில் ஒரு இரும்பு அலமாரி. அலமாரிக்குள் நான்கு நுண்ணோக்கிகள். அலமாரியின் சாவி குமுதாவிடம் இருந்தது.

குமுதாவைத் தெரிந்தவர்களுக்கு இது கொஞ்சம் ஆச்சரியம்தான். நாலு பேர் நிற்கிற இடத்தில் கதவுக்குப் பின்னால் நிற்கிறவள் அவள். ஆறாம் ஆண்டோடு படிப்பு நின்றுபோனது. அம்மா படுக்கையில் விழுந்தபோது தம்பிகளுக்குச் சோறாக்க வீட்டில் வேறு ஆள் இல்லை. கல்யாணமான புதிதில் காம்பாரில் ஒரு தனியார் பள்ளியில் துப்புரவு வேலை கிடைத்தது. அறிவியல் கூடத்தைக் கூட்டித் துடைப்பது அவள் பங்கு. மேசைகளின்மேல் நுண்ணோக்கிகள் உறை மாட்டி நிற்கும். "அதைத் தொட்டுறாதீங்கக்கா, உடைஞ்சா உங்களால கட்ட முடியாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து துணி அவற்றைச் சுற்றி வளைந்துதான் போகும். பிள்ளைகள் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் அப்படி என்னத்தைப் பார்க்கிறார்கள் என்று கேட்க ஆசை இருந்தது. வாய் வரவில்லை.

இப்போது அவளுக்குக் கொய்யாத் தோட்டத்தில் வேலை. பூச்சி விழாமல் பிஞ்சுகளுக்குப் பை கட்டுவாள். கணவன் பத்துமலை, செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறான். மகள் தினேஸ்வரி இந்தப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு.

காம்பாரில் விரிவுரையாளராக இருக்கும் சுவர்ணா, தன் மாணவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு சனிக்கிழமைகளில் இங்கே வரத் தொடங்கினாள். காந்தம், பூதக்கண்ணாடி, பலூன், சோப்புத் தண்ணீர் என்று பிள்ளைகள் கையில் எதையாவது கொடுத்துச் செய்துபார்க்கச் சொல்வாள். பெற்றோரில் யாராவது உதவிக்கு வர முடியுமா என்று கூட்டத்தில் கேட்டபோது எல்லோரும் கைப்பேசியைப் பார்த்தார்கள். குமுதா காதைச் சொறிவதுபோல் கையைப் பாதி தூக்கினாள். சுவர்ணா அதைப் பிடித்துக்கொண்டாள்.

நுண்ணோக்கிகளைக் கொடுத்தவர் ஈப்போவில் கண் மருத்துவராக இருந்து ஓய்வுபெற்ற விமலாதேவி. ஓர் ஆண்டுக்குத்தான் கொடுத்தார்; அலமாரிச் சாவியைச் சுவர்ணா குமுதாவிடம் ஒப்படைத்தாள். ஆண்டு முடிவில் நேரில் வந்து பார்ப்பேன், ஒழுங்காக இருந்தால் இங்கேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் ஈப்போவுக்கே எடுத்துப்போவேன் என்று சொல்லியிருந்தார். அவர் வருவதாகச் சொன்ன சனிக்கிழமை விஜயதசமியாக அமைந்துவிட்டது.

முதல் நாள் பள்ளியில் சரஸ்வதி பூஜை. சாமி படத்துக்கு முன்னால் பிள்ளைகளின் புத்தகங்களை அடுக்கினார்கள். குமுதா நுண்ணோக்கிகளைத் தூக்கிவந்து அவற்றின் பக்கத்தில் வைத்துவிட்டுச் சுண்டல் தாளிக்கப் போனாள். திரும்பி வந்தபோது கற்பூரம் காட்டி முடித்திருந்தார்கள். நான்கு நுண்ணோக்கிகளின் உச்சியிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"யாரு வெச்சது?"

"நாந்தான்," என்றான் பத்துமலை பெருமையாக. "புத்தகத்துக்கெல்லாம் வெச்சாங்க, இது மட்டும் பாழும் நெத்தியா நின்னுச்சு. லாரிக்கு நெத்தியிலதான வெக்கிறோம்? இதுக்கும் பார்த்து நெத்தியில வெச்சேன்."

"அது நெத்தி இல்லங்க. கண்ணு."

கண் வைத்துப் பார்க்கிற கண்ணாடியின்மேல் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது. குமுதாவின் கை துடைக்கப் போய்ப் பாதியில் நின்றது. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை தீபம் காட்டும்வரை தொடக்கூடாது. வீட்டில் பென்சிலைக்கூட அவள் தொட விட்டதில்லை. காலையில் சீக்கிரம் வந்து துடைத்துவிடலாம் என்று நினைத்தாள்.

காலையில் தீபம் காட்டி முடித்த கையோடு அவள் நுண்ணோக்கிகளை மேசைக்குக் கொண்டுவந்தாள். சுத்தம் செய்யும் தாளை எடுக்க அலமாரிப் பக்கம் போனாள். அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. சொன்ன நேரத்துக்கு முன்பே டாக்டர் வந்துவிட்டார்.

"ஆ, இதுகள்தானே? நல்லாத்தான் இருக்குதுகள்," என்றபடி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு முதல் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார் விமலாதேவி. திருகைத் திருகினார். இன்னும் அழுத்திப் பார்த்தார். "ஒண்டும் தெரியேல்லையே."

நிமிர்ந்தார். வலக்கண்ணைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வட்டம்.

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஷர்வின் என்ற பையன் மட்டும், ஐயோ என்பதுபோல், "அலமாக்" என்றான்.

டாக்டர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். விரலால் தொட்டார். "லென்ஸில குங்குமமோ? ஆர் செய்தது இது?"

சுவர்ணா ஏதோ சொல்லத் தொடங்கித் தடுமாறினாள். ஜன்னலுக்கு வெளியே நின்ற பத்துமலை தலையைத் தாழ்த்திக்கொண்டான். குமுதாவின் கால் தானாகக் கதவுப் பக்கம் நகர்ந்தது. மகள் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். கால் நின்றது.

"சாவி எங்கிட்டதான் டாக்டர். நேத்தே பார்த்தேன். பூஜையில வெச்சதத் தொடக்கூடாதுன்னு விட்டுட்டேன். என் தப்புதான்."

"பொட்டு வெச்சது நாந்தாங்க," ஜன்னல் வழியாகக் குரல் வந்தது. "லாரிப் பழக்கம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. "சரி. இப்ப இதைத் துடைக்கத் தெரியுமோ?"

குமுதா மேசைமுன் உட்கார்ந்தாள். கண்பகுதியைத் திருகிக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து, ரப்பர் ஊதுபந்தை அமுக்கிப் பொடியைக் கீழே விரித்த தாளில் ஊதினாள். காய்ந்த சந்தனத்தைச் சுரண்டவில்லை. மெல்லிய தாளில் லென்ஸ் துடைக்கும் மருந்து ஒரு சொட்டு விட்டு அதன்மேல் வைத்து, ஊறட்டும் என்று காத்திருந்தாள். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு, கொய்யாப் பிஞ்சைப் பிடிக்கிற பதத்தில், வட்டம் வட்டமாகத் துடைத்தாள். சுவர்ணா சொல்லிக்கொடுத்தது அப்படித்தான். ஒவ்வொரு வட்டத்துக்கும் புதுத் தாள். ஒன்று முடிந்ததும் அடுத்தது. டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான்கும் முடிந்தபோது தினேஸ்வரி தாளில் உதிர்ந்திருந்த குங்குமத்தைக் காட்டினாள். "ம்மா, இதக் கொட்டிறாத. இதையே பார்க்கலாம்லா?"

சுவர்ணா ஒரு சிட்டிகையைக் கண்ணாடித் துண்டில் தூவி வைத்தாள். தினேஸ்வரிதான் முதலில் பார்த்தாள். "டேய், கல்லு கல்லா இருக்குடா! மஞ்சளாவும் இருக்கு!"

"குங்குமம் எப்படிலா மஞ்சளா இருக்கும்? தள்ளு, நான் பார்க்கிறேன்." ஷர்வின் முட்டிக்கொண்டு வந்தான். "ஆமாலா! யாரு இதுல மஞ்சளக் கலந்தா?"

"கலக்கல. மஞ்சள்லதான் குங்குமம் செய்றாங்க, எங்க பாட்டி சொல்லிருக்கு," என்றது வரிசையிலிருந்து இன்னொரு குரல். "அப்புறம் எப்படிச் சிகப்பாச்சு?" என்று ஷர்வின் திருப்பிக் கேட்டான். அடுத்த சனிக்கிழமை மஞ்சளும் சுண்ணாம்பும் கொண்டு வாங்க, நாமே செய்து பார்க்கலாம் என்றாள் சுவர்ணா. சொல்லிவிட்டு டாக்டரைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை பார்ப்பதற்கு இங்கே நுண்ணோக்கி இருக்குமா என்று யாருக்கும் தெரியாது.

குமுதா அலமாரிச் சாவியை எடுத்து டாக்டர் முன்னால் மேசைமேல் வைத்தாள்.

டாக்டர் அதைப் பார்த்தார். "பிள்ளை, நான் எத்தனையோ பள்ளிக்கூடத்துக்குச் சாமான் குடுத்திருக்கிறன். போய்ப் பாத்தால் உறைகூடப் பிரிக்காமல் பூட்டின அலமாரிக்குள்ள கிடக்கும். பழுதாகாமல் வச்சிருக்கிறம் எண்டு சொல்லுவினம். இங்க பொட்டு வச்சுக் கும்பிட்டிருக்கிறியள். அழுக்காக்கினதும் நீங்கள், துடைச்சதும் நீங்கள். இருக்கட்டும் இங்கயே." சாவியை அவள் பக்கம் தள்ளினார். "ஒரு வருசமா இதுக்குள்ள பாத்ததில உங்களுக்கு எது பிடிச்சது?"

குமுதா துடைத்த தாள்களைப் பொறுக்கத் தொடங்கினாள்.

"ம்மா பார்த்ததே இல்ல," என்றாள் தினேஸ்வரி.

"பிள்ளைங்க வரிசையா நிக்கும்போது நான் எப்படி..." என்று இழுத்தாள் குமுதா.

"வரிசை நிக்கட்டும். வாங்கோ."

பிள்ளைகள் விலகி வழிவிட்டார்கள். குமுதா குனிந்து ஒற்றைக் கண்ணை மூடினாள். முதலில் தன் இமை மயிர்தான் தெரிந்தது. மகள் திருகை மெல்லத் திருகினாள். சட்டென்று, தினமும் நெற்றியில் வைக்கிற பொடி பாறை பாறையாக, சிவப்பும் மஞ்சளுமாகக் கண்ணுக்கு முன்னால் விரிந்தது. பின்னால் ஷர்வின், "ஆண்ட்டி, ரொம்ப நேரமாச்சுலா," என்றதும்தான் நிமிர்ந்தாள்.

டாக்டர் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இத்தனை நேரம் யாரும் வாய் திறக்காததைக் குமுதாதான் கடைசியில் சொன்னாள். "டாக்டர், உங்க கண்ணைச் சுத்தி..." தன் கண்ணைச் சுற்றி விரலால் வட்டம் போட்டுக் காட்டினாள்.

விமலாதேவி கார்க் கண்ணாடியில் குனிந்து பார்த்தார். பிறகு ஜன்னலோரம் நின்றவனை விரல் நீட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, வாற வருசமும் பொட்டு வையும். ஆனால் தலையில வேண்டாம், காலில வையும்."

"சரிங்க டாக்டர். லாரிக்கு?"

"லாரிக்கு எங்கயாவது வையும்," என்று சொல்லிவிட்டுச் சிரித்தபடி காரில் ஏறினார். வட்டத்தைத் துடைக்கவே இல்லை.