கல்ஃப் மாத்திரை

பத்தாம் கிளாஸோடு படிப்பை நிறுத்தியவள் மருத்துவம் பற்றி எழுத வருவது கொஞ்சம் அதிகம்தான். மன்னித்துவிடுங்கள். வாரா வாரம் இந்தப் பக்கத்தில் மீன் குழம்பு, மருமகள் என்று எழுதி ஓட்டிக்கொண்டிருந்தேன். இந்த வாரம் என் வீட்டுக்காரர் இழுத்துவிட்டார்.

எங்கள் கடியப்பட்டணத்தில் கல்ஃபிலிருந்து வரும் எதற்கும் ஒரு மரியாதை உண்டு. சோப்பு, தைலம், பாதாம்... மாத்திரைக்கும்தான். லீவில் வந்த என் தம்பி, தனக்கு மிஞ்சிப்போன சுகர் மாத்திரைகளை அத்தானுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். இவர் ஏற்கெனவே அரசு ஆஸ்பத்திரி மாத்திரை போடுகிறவர்.

"அது மெதுவாத்தான் கேக்கும். இது கல்ஃப் மாத்திரையாக்கும்" என்று இரண்டையும் போட ஆரம்பித்தார்.

கோயில் திருவிழா விருந்து முடிந்தது. மறுநாள் வாந்தி, பேதி. சோறு இறங்கவில்லை, தண்ணீர் இறங்கவில்லை. மாத்திரை மட்டும் இறங்கியது – இரண்டும். விட்டால் சுகர் ஏறிவிடுமாம்.

அதற்கடுத்த நாள் காலை, கட்டிலில் படுத்தபடியே மனுஷன் வள்ளம் இழுத்தவர் மாதிரி மூச்சு வாங்கினார். அவருடைய அக்கா வந்து பார்த்தார்.

"வாயுவாக்கும். ஒரு சோடா குடி மக்கா, ஏப்பம் வந்தா சரியாவும்."

சோடா வந்தது. உள்ளே போன சோடாவும் திரும்பி வந்தது. ஆட்டோ பிடித்தேன்.

எமர்ஜென்சியில் சின்ன வயது டாக்டரம்மா. முதலில் சுகர் பார்த்தார். பெரிதாக ஏறவில்லை.

"கண்டியா? வா, வீட்டுக்குப் போவோம்" என்றார் இவர், மூச்சுக்கு நடுவே.

டாக்டர் அந்த மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னென்ன மாத்திரை போடுறீங்க?"

"கெவருமெண்டு மாத்திரை மட்டும்தான்."

சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். கல்ஃப் மாத்திரையைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம்! நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுத வந்ததே அதனால்தான். பேசாமல் பையைத் திறந்து இரண்டு அட்டைகளையும் கட்டிலில் வைத்தேன்.

டாக்டர் திருப்பிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே மருந்தும்மா."

"பேரு வேற, கலரு வேற இல்லியா?" என்றார் நோயாளி.

"அட்டைதான் வேற."

உடனே மணிக்கட்டில் ரத்தம் எடுத்தார்கள். லாக்டிக் அசிடோசிஸ் என்றார்கள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: உடம்பில் தண்ணீர் வற்றி கிட்னி சோர்ந்துவிட்டது. வெளியேற வேண்டிய மருந்து உள்ளேயே சேர்ந்து, ரத்தத்தில் அமிலம் கூடிவிட்டது. டிரிப்ஸ், பிறகு டயாலிசிஸ். "இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

டாக்டரிடம் நாக்கை நீட்டுகிறோம், வயிற்றைக் காட்டுகிறோம். மாத்திரைப் பையை மட்டும் ஏன் ஒளிக்கிறோம்? வாந்தி, பேதி வந்தால் சுகர் மாத்திரையைத் தொடரலாமா என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்?

மூச்சு சீரானதும் அவர் பேசிய முதல் பேச்சு: "ஏட்டி, நாலு வீட்டுக்கு ஒவ்வொரு அட்டை குடுத்திருக்கேன்."

"மாத்திரையையா?"

"கல்ஃப் சாமான் வந்தா நாலு பேருக்குக் குடுக்காண்டாமா?"

மறுநாள், உப்புக்கூடக் கடன் கேட்டுப் போகாத நான் நாலு வீடு ஏறினேன். மூன்று அட்டைகள் திரும்பக் கிடைத்தன. நாலாவது வீடு அவருடைய அக்கா வீடு. அக்காவுக்கு சுகரே கிடையாது. வாயுவுக்குப் போட்டுத் தீர்த்திருந்தார்.