வாசலில் பத்தாம் நம்பர் செருப்பு

"இந்தச் செருப்பு யாரோடது?"

"நான் வாங்கினதுதான் சார்."

"பத்தாம் நம்பர். உன் கால் அவ்வளவு பெருசா?"

"போட்டுக்க இல்ல சார், காவலுக்கு. பழைய சாமான் கடையில கிடைச்சுது."

"தனியா பிள்ளை வளர்க்கிறவங்களுக்குத்தான் உதவித்தொகை. வீட்டுல ஆம்பளை இருந்தா கிடையாது."

"இல்லைன்னு வெளியில தெரிஞ்சா என் கதவு தாங்காது சார்."

உதவித்தொகை ஆபீஸிலிருந்து விசாரணைக்கு வந்தவர் எதிர்வீட்டு இஸ்திரி அக்காவின் கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்துவிட்டுப் போனார். அடுத்த மாதமே உதவித்தொகை நின்றது. அது இல்லையென்றால் அக்காவால் வாடகை கொடுக்க முடியாது. வீட்டைக் காலி செய்தால், மகளோடு கணவனிடம்தான் திரும்ப வேண்டும்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. வீட்டிலும் துணி தேய்ப்பாள். முன்பற்கள் இரண்டு கிடையாது. கணவன் அவள் முகத்தைக் குழாயடியில் மோதியபோது போனவை. நெருங்கக் கூடாது என்று கோர்ட் சொல்லியும், செருப்பு வருவதற்கு முன்பு ஒரு மத்தியானம் வந்தான். உதைத்த உதையில் மேல்கீல் பிய்ந்து கதவு தொங்கியது. முடியைப் பிடித்து அவளை வாசல்வரை இழுத்தான். நிலைப்படியில் தலை இடித்த சத்தம் எங்கள் சமையலறைக்குக் கேட்டது. காலைக் கடித்த மகளைச் சுவரோரம் வீசினான். குழந்தை எழவில்லை. அக்கா எழுந்தாள். மேஜையில் சூடாக இருந்த இஸ்திரிப்பெட்டியை எடுத்து அவன் முன்கையில் அழுத்தினாள். அழுத்தியபடியே நின்றாள். மாடி முழுவதும் தோல் கருகும் நாற்றம்.

மகளுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. போலீஸ்காரர், "குடும்ப விஷயம், அனுசரிச்சுப் போங்க" என்றார். மறுநாள் அக்காவின் வாசலுக்கு அந்தச் செருப்பு வந்தது.

"என்னடி, புது மாப்பிள்ளை வெளியிலயே வர மாட்டேங்கிறாரு?" என்று மேல்வீட்டுக்காரி சீண்டினாள்.

"ரொம்பக் கூச்ச சுபாவம் அத்தை. செருப்பை மட்டும்தான் அனுப்புவாரு."

அதன்பிறகும் கணவன் வந்தான். படியில் நின்று செருப்பைப் பார்த்தான். காறித் துப்பிவிட்டு இறங்கினான்.

உதவித்தொகை ஆபீஸிலிருந்து மறுவிசாரணைக்கு வருவதாகத் தகவல் வந்தது. என்றைக்கு என்று சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அக்கா செருப்பைத் துணியில் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"இது உங்க வீட்டுல இருக்கட்டும், பாப்பா. வாசல்ல வேணாம், அம்மா திட்டுவாங்க, கதவுக்குப் பின்னால வச்சுக்கோ. ஆபீஸ்காரங்க வந்தா எடுக்காத. படியில அவன் குரல் கேட்டா மட்டும், அவன் மேல வர்றதுக்குள்ள ஓடிவந்து என் வாசல்ல போட்டுடு. போடுவியா?"