சாரலில் காய்ந்த வடகம்

எங்களுக்குக் கல்யாணமாகி அது முதல் ஆனி மாதம். மேகத்தை அண்ணாந்து பார்த்தே வளர்ந்த கரிசல் காட்டுப் பெண் என் மனைவி. தென்காசியில் வெள்ளிக்கிழமை அடித்த வெயிலை நம்பி, என் பழைய வேட்டி நிறைய வடகம் பிழிந்துவிட்டாள். சனிக்கிழமை விடிந்தபோது குற்றால மலையையே காணோம். சாரல் எங்கள் தெருவுக்குள் வந்து நின்றது.

“ஏட்டி, சாரல் விழுத ஆனியில வடகம் போட்டவ இந்தத் தெருவுல நீ ஒருத்திதான். கூழாக் கரைச்சுக் குடிச்சிரு!” பக்கத்து வீட்டு மதினி சுவருக்கு மேலே தலை நீட்டிச் சிரித்தாள்.

என் மனைவிக்கு முகம் சிவந்தது. அரைகுறையாகக் காய்ந்ததை வேட்டியிலிருந்து உரித்து, சுளகுகளில் பரப்பி, வெந்நீர் அடுப்பைச் சுற்றி வைத்தாள். நானோ தலை நிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டு அந்த வெந்நீருக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

“இது காயுத வரைக்கும் உங்களுக்குக் குளியல் கிடையாது. தீ அணையாமப் பாத்துக்கிடுங்க.”

வெளியே மழை, உள்ளே நெருப்பு, நடுவில் நாங்கள். எண்ணெய் வழிய வழிய நான் தென்னமட்டையைத் தள்ள, அவள் ஒவ்வொரு வடகமாகத் திருப்பிப் போட்டாள். புகையில் கண் கலங்கி, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். மத்தியானம் ஒன்றை எடுத்து ஒடித்தாள். ‘டக்’கென்று முறிந்தது.

பொரித்த வாசனைக்கு மதினியே வந்துவிட்டாள். “புகை வாடை அடிக்கே,” என்றபடி ஒன்றைத் தின்றவள், இன்னொன்றுக்கும் கை நீட்டினாள்.

“வெயிலே இல்லாம எப்பிடிட்டி காய வச்ச?”

குளிக்காத எண்ணெய்த் தலையோடு நான் முந்திக்கொண்டேன். “எம் பொண்டாட்டி, மதினி! வெயிலுக்கா காத்துக்கிட்டு இருப்பா?”