டயர் பர்மிட்டும் திருப்பதி சாலையும்

ஊர் சைக்கிள் சங்கம் முதல் முறை நான் கேட்டபோது என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதில் எனக்குப் பெரிய வருத்தம் இருந்ததாக நினைவில்லை. கேட்டேன், இல்லை என்றார்கள், என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். மறு வருஷம் அவர்களே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள்.

அப்போது நான் திருத்தணி ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் நர்ஸ். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவள். கல்யாணம் ஆகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். வேலையில் பாதி ஆஸ்பத்திரிக்கு வெளியேதான். சுற்றுக் கிராமங்களிலிருந்து மாட்டு வண்டி அனுப்புவார்கள், ஏறிப் போவேன். மாடு நடக்கிற நடைக்கு, நான் போய் இறங்கும்போது சில வீடுகளில் குழந்தையைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றி வைத்திருப்பார்கள். வேறு சில வீடுகளில் நான் போயும் பயனில்லாமல் போயிருக்கும். அதனால்தான் சைக்கிள் வாங்கினேன். அரக்கோணத்தில் ஓர் ஆங்கிலோ இந்திய ரயில்வே குடும்பம் ஊரைவிட்டுப் போகும்போது விற்றது. பெண்கள் ஓட்டும் வண்டி. நடுக்கம்பி தாழ்ந்து வளைந்திருக்கும். புடவை சிக்காமலிருக்கப் பின்சக்கரத்தில் வலை கட்டியிருந்தது. ரயில் பாதையை ஒட்டிய மண் தரையில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டேன். ஊர் கொஞ்ச நாள் நின்று பார்த்தது. பிறகு பார்ப்பதை விட்டுவிட்டது. நாய்கள்தான் கடைசி வரை விடவில்லை.

சைக்கிள் சங்கம் என்பது ஸ்டேஷன் சாலையில் இருந்த வாடகை சைக்கிள் கடையின் பின்கட்டு. ஞாயிற்றுக்கிழமை கூடுவார்கள். பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் தலைவர். காக்கி அரைக்கால் சட்டை, கழுத்தில் விசில். எதையும் எழுதி வைத்து, எழுதியபடி செய்ய வேண்டும் என்பவர். கடைக்காரர் அவருக்கு நேர் எதிர், எதற்கும் சரி என்பார். மூன்றாமவர் ஆர்.கே.பேட்டையிலிருந்து லுங்கி மூட்டைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ரயிலுக்கு வரும் நெசவாளி. மூட்டையோடே மற்றவர்களைவிட வேகமாக ஓட்டுவார். இவர்களைத் தவிர நாலைந்து பேர் வருவார்கள், போவார்கள்.

சவாரிப் பருவம் தை முதல் பங்குனி வரை. மழைக்காலத்தில் சாலை குழைந்து கிடக்கும், சித்திரை வெயிலில் யாரும் கிளம்ப மாட்டார்கள். கார்த்திகைக் கடைசியில் கூடி, வரப்போகும் பருவத்துக்குத் திட்டம் போடுவார்கள். நான் முதலில் போய்க் கேட்டது அப்படியொரு கூட்டத்தில்தான். எனக்குக் கிராமத்துச் சாலைகள் சரியாகத் தெரியாது. இவர்களோடு போனால் பழகும் என்று நினைத்தேன்.

டிரில் மாஸ்டர் எழுந்து நின்று மரியாதையாகத்தான் பேசினார்.

"நீங்க வண்டி ஓட்டுறதுல எங்களுக்கு ஆட்சேபணை இல்லீங்க. ஆனா சங்கத்துல எல்லாரும் ஆம்பளைங்க. வழியில ஒதுங்கணும்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"கிராமத்துக்குப் போறப்ப என்ன பண்றேனோ அதைத்தான் பண்ணுவேன் சார்."

அவர் அதையும் கையிலிருந்த நோட்டில் எழுதிக்கொண்டார். இருந்தாலும் சேர்க்கவில்லை.

உலகப் போர் முடிந்த பிறகும் கண்ட்ரோல் தீரவில்லை. அரிசி, துணி, மண்ணெண்ணெய் போலவே சைக்கிள் டயருக்கும் தாலுகா ஆபீசில் பர்மிட் வாங்க வேண்டியிருந்தது. அவசிய வேலையில் இருப்பவர்களுக்குத்தான் அது கிடைக்கும். மற்றவர்கள் பழைய டயருக்குள் இன்னும் பழைய டயர்த் துண்டை வைத்துத் தைத்து ஓட்டினார்கள். மறு வருஷம் ஆஸ்பத்திரி டாக்டர் எனக்குச் சிபாரிசு எழுதிக் கொடுத்ததில் ஒரு ஜோடி கிடைத்தது. அடுத்த நாளே கடைக்காரர் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார்.

"உங்குளுக்கு டயரு கெடச்சிச்சாமே நர்சம்மா?"

"கிடைச்சுது."

"புச்சா?"

"புதுசுதான்."

"ஆங். ஞாயித்துக்கெயம கூட்டத்துக்கு உங்களையும் வரச் சொன்னாரு சாரு."

போனேன். எனக்கென்று ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருந்தார்கள். டிரில் மாஸ்டர் பள்ளிக்கூடத்து வரைபடத் தாளில் பருவத்துக்கான திட்டத்தை வரைந்து சுவரில் ஒட்டியிருந்தார். தையில் கனகம்மாசத்திரம் வரை போய்த் திரும்புவது. அடுத்து அரக்கோணம். மாசியில் ஆர்.கே.பேட்டை. பங்குனியில் திருப்பதி. கிருத்திகை அன்றைக்குச் சவாரி கிடையாது. அன்று சாலை முழுக்கக் காவடிக் கூட்டம், கடைக்காரருக்கும் ஒரு சைக்கிள்கூட மிஞ்சாது. திருப்பதிவரை சங்கம் அதற்குமுன் போனதில்லை. அந்த இடத்தில் மட்டும் சிவப்புப் பென்சிலால் இரண்டு முறை வட்டம் போட்டிருந்தார்.

என்னைச் சேர்த்துக்கொண்டதாக முதலில் அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். திருப்பதிச் சாலை தெரிந்தவர் நெசவாளி ஒருவர்தான். அவருடைய டயர்கள் தைக்கவும் இடமில்லாமல் போய்விட்டன. நல்லவேளையாக என் சக்கரமும் அவர் சக்கரமும் ஒரே அளவு.

"மூணே நாள்தாங்க. போய்ட்டு வந்ததும் அப்படியே திருப்பிக் கழட்டி மாட்டிடலாம்."

நெசவாளி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் கேட்கச் சொல்லியிருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் மேல் வரவில்லை.

"புது டயர் என் வண்டியிலதான் ஓடும் சார். கழட்டின பழசு ரெண்டும் அப்படியே இருக்கு. இவரு ஓட்டுறதுக்கு அது தேவலை. எடுத்துக்கட்டும். திருப்பதிக்கு நானும் வரேன்."

"அது ப்ளான்ல இல்லையே."

"ப்ளான் நம்ம போட்டதுதானே சார்" என்றார் கடைக்காரர்.

ராத்திரி எங்கே தங்குவது என்று யாரோ கேட்டார்கள். அப்போதுதான் நெசவாளி வாயைத் திறந்தார். "நகரியில எங்க அக்கா ஊடு கீது. திரும்பி வரும்போது நர்சம்மா அங்க தங்கட்டும். நாங்க சத்திரத்துல பட்துக்கறோம்." டிரில் மாஸ்டர் எழுந்து போய்த் தாளில் என் பெயரைச் சேர்த்தார். ரப்பர் வைத்துப் பழைய எழுத்தை அழித்துவிட்டுத்தான் எழுதினார்.

சின்னச் சவாரிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கனகம்மாசத்திரத்தில் இட்லி சாப்பிட்டோம். அரக்கோணத்துக்கு நான் போகவில்லை. அன்று ஒரு பிரசவம் இரண்டு நாளாக இழுத்துக்கொண்டிருந்தது. ஆர்.கே.பேட்டையில் நெசவாளியின் வீட்டில் மோர் கொடுத்தார்கள்.

பங்குனியில் விடிவதற்குமுன் நான்கு பேராகக் கிளம்பினோம். மற்றவர்கள் டயரையோ உடம்பையோ காரணம் சொல்லி நின்றுவிட்டார்கள். நகரிக்குள் நுழையும்போது வெளிச்சம் வந்திருந்தது. அங்கே நெசவுத் தெருவின் நீளத்துக்கும் பாவு கட்டியிருந்தார்கள். ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நூல் இழுத்துக் கட்டி, கஞ்சி தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சைக்கிள் போக வழியில்லை. டிரில் மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இந்த நேரத்துக்கு எங்கே இருக்க வேண்டும் என்று அவர் எழுதி வைத்திருந்தார்.

"சுத்திகினு போவ வழி இல்லையா?"

"இல்ல சார். காயட்டும்" என்று சொல்லிவிட்டு நெசவாளி வண்டியைச் சுவரில் சாய்த்தார். அறுந்துபோன இழைகளை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவர்களோடு போய் நின்று அவரும் முடிச்சுப் போட ஆரம்பித்தார். வெயில் ஏறும்வரை நாங்கள் அங்கேயே இருந்தோம்.

புத்தூர் தாண்டியதும் நெசவாளி மாட்டியிருந்த என் பழைய டயர்களில் ஒன்று வெடித்தது. கடைக்காரர் குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். நடுவில் ஒருவர் நின்றுபோனால் மற்றவர்கள் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்பது டிரில் மாஸ்டரின் விதி. அதை அவர் சொல்லவும் செய்தார். என் டயர் என்பதால் எனக்குச் சங்கடமாக இருந்தது. என் வண்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

நெசவாளி சிரித்தார். "வலை கட்டின வண்டியிலயா? எங்க ஊருக்குத் தெரிஞ்சா போச்சு. இனிமே நேர் ரோடுதான், நீங்க போங்கம்மா. நான் வண்டிய புத்தூர் ஸ்டேஷன்ல போட்டுட்டு ரயில்ல வந்துர்றேன்."

நாங்கள் மூவரும் போனோம். நல்ல வெயில். ரேணிகுண்டாவுக்கு முன்னால் டிரில் மாஸ்டரின் காலில் சதை பிடித்துக்கொண்டது. ஒரு வேப்பமரத்தடியில் நான்தான் நீவிவிட்டேன். சாலையோடு போனவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வலியாலா, வெட்கத்தாலா என்று நான் கேட்கவில்லை. பிறகு மெதுவாக ஓட்டினார். திருப்பதி அடிவாரத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலமாகியிருந்தது. நெசவாளி மத்தியானமே வந்து, சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, நிழலில் நின்றுகொண்டிருந்தார்.

எனக்கு என்ன தோன்றியது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். தாகமாக இருந்தது. உட்கார முடியாமல் வலித்தது. இவ்வளவு தூரம் வந்தவள் நான்தானா என்று ஒருமுறை நினைத்துக்கொண்டேன். மலைமேல் ஏற யாருக்கும் தெம்பில்லை. கீழிருந்தே கும்பிட்டுவிட்டுப் படுத்தோம். எனக்குச் சத்திரத்தில் பெண்கள் பக்கம் இடம் கிடைத்தது.

மறுநாள் டிரில் மாஸ்டர் சைக்கிளோடு ரயிலேறினார். நெசவாளி கடைக்காரரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து புத்தூர் வரை வந்து, தன் வண்டியை எடுத்துக்கொண்டு அங்கிருந்து ரயிலில் போனார். கடைக்காரரும் நானும் நகரிக்கு வந்தோம். அவர் சத்திரத்துக்குப் போக, நான் நெசவாளியின் அக்கா வீட்டுக்குப் போனேன். நாற்பது வயசுப் பெண். பேச்சில் பாதி தெலுங்கு. சாப்பாடு போட்டுவிட்டு என் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"நான் ஏறிப் பாக்கட்டா?"

"ஏறுங்க."

தெருவில் பாவு இல்லாத நேரம். நான் பின்னால் பிடித்துக்கொண்டேன். தறியில் மிதித்து மிதித்துப் பழகிய கால். பெடலை மிதிப்பது அவருக்கு ஒரு விஷயமாகவே இல்லை. என் பிடி நழுவும் வேகத்தில் போனார். திருப்பத்தான் தெரியவில்லை. நேராகப் போய் எதிர்வீட்டுச் சுவரில் மோதி விழுந்தார். முழங்கையில் ரத்தம். நான் துடைத்துக் கட்டும்போது, "எங்க நைனா இருந்திருந்தா காலை ஒடிச்சிருப்பாரு" என்று சொல்லிச் சிரித்தார். காலையில் இன்னொரு முறை ஏறினார்.

திரும்பி வந்த சில நாளில் டாக்டர் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு மொட்டைப் பெட்டிஷன். ஆஸ்பத்திரி பர்மிட் டயரில் நர்ஸ் ஆம்பளைகளோடு திருப்பதிக்கு உல்லாசப் பயணம் போகிறாள் என்று எழுதியிருந்தது.

"எனக்கு மட்டும் வந்திருந்தா குப்பையில போட்டிருப்பேன். தாலுகா ஆபீசுக்கும் போயிருக்கு. டயர் ட்யூட்டிக்குக் குடுத்தது. ட்யூட்டிக்கு மட்டும் ஓட்டுங்க."

"சரிங்க டாக்டர்."

"கிராமத்துக்குப் போறதை யாரும் தடுக்க முடியாது. எந்த ஊருக்கு என்னைக்குப் போறதுன்னு நீங்கதான் முடிவு பண்றீங்க" என்றார். ஏன் அதைத் தனியாகச் சொன்னார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

யார் எழுதியது என்று தெரியவில்லை, தேடவும் இல்லை. கடைக்காரரிடம் சொல்லிச் சங்கத்திலிருந்து விலகிக்கொண்டேன். மழைக்காலம் வந்தது, போனது. கார்த்திகைக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. ஆனால் அதற்கு முந்தின நாள் டிரில் மாஸ்டர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் வரைபடத் தாள். ஒன்றும் எழுதாத தாள்.

"தை மாசத்துலேர்ந்து ஞாயித்துக்கிழமைங்கள்ல நீங்க எந்தெந்த ஊருக்குப் போறதா உத்தேசம்?"

"எதுக்கு சார்?"

"சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

மாசமாக இருந்த பெண்கள் எந்த எந்த ஊரில் என்று யோசித்துச் சொன்னேன். அவர் நின்றபடியே ஒவ்வொரு ஊரையும் தாளில் குறித்துக்கொண்டார். ஆர்.கே.பேட்டைச் சாலையில் மூன்று ஊர், அரக்கோணத்துச் சாலையில் இரண்டு. திருப்பதியை அவர் குறிக்கவில்லை.

"நீங்க ப்ளான்ல இல்லீங்க" என்றார், தாளைச் சுருட்டிக்கொண்டே. "சங்கம் போற ரோடு மட்டும்தான் இதுல கீது. அதே ரோட்ல கவர்மெண்ட் நர்ஸ் ட்யூட்டிக்குப் போனா நாங்க என்னா பண்ண முடியும்?"

அவர் சிரிக்கவில்லை. விதியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்படித்தான் அந்தப் பருவம் நடந்தது. பிரசவப் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு நான் முன்னால் போவேன். கொஞ்சம் இடைவெளி விட்டு அவர்கள் வருவார்கள். நெசவாளிக்கு எங்கிருந்தோ டயர் கிடைத்திருந்தது. நான் ஒரு வீட்டுக்குள் போய் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரும்வரை ஊர்க் கிணற்றடியில் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு ஊரில் பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டான்.

"இன்னாத்துக்கும்மா இத்தினி பேரு வந்துகினு இருக்காங்க? ரொம்பக் கஷ்டமான கேஸா?"

"இல்லப்பா. உன் சம்சாரம் நல்லா இருக்கா. அவங்க வேற வேலையா வந்திருக்காங்க" என்றேன்.

அவன் முகம் தெளிந்தது. உள்ளே போய் ஒரு சொம்பு நிறையக் கூழ் கொண்டுவந்து அவர்களுக்கு ஊற்றினான். டிரில் மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இரண்டாவது முறையும் வாங்கிக் குடித்தார்.